ரெமிங்டன் நம்பர் 1 ரோலிங் பிளாக்: இரண்டு பின், ஒரு ஹாமர்

மேசையில் இருப்பது இ. ரெமிங்டன் அண்ட் சன்ஸ் செய்த நம்பர் 1 ஸ்போர்ட்டிங் ரைஃபிள். எட்டுப்பட்டைக் குழல், 30 அங்குல நீளம், .45-70 தோட்டா (.45 அங்குலக் குண்டு, 70 கிரெய்ன் கருமருந்து), வால்நட் கட்டை. ஒரு முறைக்கு ஒரே தோட்டா. நிலைமை இதுதான்: குழலின் பின்வாயை மூடும் உருளும் இரும்புத் துண்டான பிளாக்கை விரலால் உருட்டினால் கனமாகத் திரும்புகிறது, பிளாக் முகத்துக்கு வெளியே தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் நீட்டியபடியே சிக்கியிருக்கிறது, கட்டையின் கழுத்தில் மேல்நாக்குக்குப் பின்னால் மயிரிழை விரிசல், இடப்பக்கத்து ஸ்க்ரூவின் காடி கிழிந்திருக்கிறது. உலோகம் முழுக்கப் பழுப்பேறியிருந்தாலும் ஆழமான துருக்குழி வெளியில் எங்கும் இல்லை. இப்படி ஒரு துப்பாக்கி கைக்கு வந்தால் முதலில் எடுக்க வேண்டியது திருப்புளி அல்ல, உருப்பெருக்கிக் கண்ணாடி.

குழலின் பின்முனையில் இயக்கத்தைத் தாங்கும் உலோகக் கூடுதான் ரிசீவர். அதிலிருந்து கட்டைக்குள் பின்னோக்கி நீளும் மேல்நாக்கில் பேட்டன்ட் தேதிகள் பொறித்திருக்கும். பிற்கால நம்பர் 1-களில் முழு வரிசை இது: 1864 மே 3, 1864 நவம்பர் 15, 1866 ஏப்ரல் 17, 1867 ஆகஸ்ட் 27, 1871 நவம்பர் 7. கடைசித் தேதி 1871 என்றால் துப்பாக்கி அதற்குப் பிந்தியது. அவ்வளவுதான் அதிலிருந்து சொல்ல முடியும், அதே ஆண்டில் செய்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேல் எல்லையை நிறுவனத்தின் பெயர் தருகிறது. இ. ரெமிங்டன் அண்ட் சன்ஸ் 1886இல் கடனில் மூழ்கியது. 1888இல் மார்செலஸ் ஹார்ட்லியும் கூட்டாளிகளும் அதை வாங்கி ரெமிங்டன் ஆர்ம்ஸ் கம்பெனி என்று பெயர் மாற்றினார்கள். ஆகவே பழைய பெயர் பொறித்த இந்தக் குழல் 1871க்கும் 1888க்கும் இடைப்பட்டது. அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு இந்தக் கணக்கு சட்டப்படியும் முக்கியம். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1898இலோ அதற்கு முன்போ செய்ததைத் தொன்மைப் பொருளாக வகைப்படுத்துகிறது.

ஒரு பேட்டன்ட் தேதி தேய்ந்துபோகும்படி மேல்நாக்கை யாராவது தேய்த்து மினுக்கியிருந்தால் அந்த வரலாறு போனது போனதுதான். இந்த வேலை முழுவதையும் ஆளும் விதி அங்கிருந்தே வருகிறது: திரும்ப எடுக்க முடியாத எதையும் செய்யக் கூடாது.

பூட்டு எப்படி வந்தது

இந்தப் பூட்டின் வேர் நியூயார்க் மாநிலத்துக்காரரான லியோனார்ட் கைகர் 1863 ஜனவரியில் பெற்ற பேட்டன்ட். ஹாமர், அதாவது விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கும் சுத்தியல், விழும்போது பிளாக்குக்கு அடியில் நுழைந்து அதைத் தாங்குவது அவருடைய யோசனை. ஆனால் அவருடைய பிளாக் நடுவில் பிளந்தது. ஹாமரின் மூக்கு அந்தப் பிளவு வழியாகப் போய் ரிம்ஃபயர் தோட்டாவின் (விளிம்பில் அடித்தால் வெடிப்பது) விளிம்பை நேரடியாகத் தட்டும். பிளந்த பிளாக்குக்கு வலிமை குறைவு, தோட்டா கிழிந்தால் வாயு அந்தப் பிளவு வழியே சுடுபவர் முகத்துக்கு வரும். ரெமிங்டனிடம் வேலை செய்த ஜோசப் ரைடர் இதைத் திருத்தினார். பிளாக்கைக் கெட்டியான ஒரே துண்டாக்கி, தட்டும் வேலையைத் தனி ஃபயரிங் பின்னிடம் கொடுத்தார். ஹாமருக்குப் பூட்டும் வேலையும் பின்னை அடிக்கும் வேலையும் மிஞ்சின. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் பிளந்த பிளாக் கார்பைன்கள் (குட்டைக் குழல் துப்பாக்கிகள்) செய்யப்பட்டன. 1866 வாக்கில் முழுமையான ரோலிங் பிளாக் தயாராகி, 1867இல் டென்மார்க் அதைத் தன் படைக்கு ஏற்றது. பிறகு ஸ்வீடன், நார்வே, ஸ்பெயின், எகிப்து, அர்ஜென்டினா என்று பரவி, எல்லா வகைகளும் சேர்ந்து பத்து லட்சத்தைத் தாண்டின.

வேட்டைக்காரர்களுக்கான நம்பர் 1 ஸ்போர்ட்டிங், படைத் துப்பாக்கியின் அதே பெரிய ரிசீவர்தான். அகலம் 1¼ அங்குலம். .44-77, .45-70, .50-70 போன்ற தோட்டாக்களில் வந்தது. 1870களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டை நடத்தியவர்களிடம் ஷார்ப்ஸ் நிறுவனத்து ரைஃபிளுக்கு அடுத்தபடி அதிகம் இருந்தது இதுதான். அமெரிக்கப் படை அதிகாரி ஜார்ஜ் கஸ்டர் 1873 யெல்லோஸ்டோன் பயணத்துக்கு .50 ரெமிங்டன் ஒன்றைக் கொண்டு போய், அதைப் புகழ்ந்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி லாங் ஐலண்டின் கிரீட்மூர் திடலில், 800, 900, 1000 கஜ தூரங்களில் அமெரிக்க அணி அயர்லாந்து அணியை 934க்கு 931 என்று வென்றது. அயர்லாந்துக்காரர்கள் குழல் வாய் வழியாக நிரப்பும் ரிக்பி ரைஃபிள்களில் சுட்டார்கள். அமெரிக்கர்கள் ரெமிங்டனிலும் ஷார்ப்ஸிலும். அமெரிக்க அணியில் ஒருவர் லூயிஸ் ஹெப்பர்ன், ரெமிங்டன் பட்டறையின் வடிவமைப்பாளர். அந்தப் போட்டிக்கான ரெமிங்டன் ரைஃபிளை உருவாக்கியவரும் அவரே. பின்னால் தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி நெடுந்தூரத்துக்கு ஆகாது என்ற பேச்சு அன்றைக்கு அடங்கியது.

இயக்கம் புரியாமல் பழுது பார்க்க முடியாது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ரிசீவரின் குறுக்கே இரண்டு பருத்த பின்கள். முன்பக்கத்துப் பின்னில் (இனி முன்பின்) பிளாக் சுழல்கிறது, பின்பக்கத்துப் பின்னில் ஹாமர் சுழல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிச் சுழலும்படி வளைவுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஹாமரை முழுதாக இழுத்தால்தான் பிளாக் பின்னோக்கி உருளும். பிளாக் திறந்திருக்கும்போது அதன் வளைந்த முதுகு ஹாமருக்கு வழி மறிப்பதால் ஹாமர் விழ முடியாது. பிளாக்கை மூடி விசையை இழுத்தால் ஹாமர் விழும்போது அதன் வயிற்று வளைவு பிளாக்கின் அடியில் நுழைகிறது. ஹாமரின் முகம் ஃபயரிங் பின்னைத் தொடும் கணத்தில் பூட்டு முழுமையாகி இருக்கும். வெடிப்பின் அழுத்தம் பிளாக்கிலிருந்து ஹாமருக்கும், இரண்டிலிருந்தும் பின்களுக்கும், பின்களிலிருந்து ரிசீவர் சுவருக்கும் போகிறது. வேறு பூட்டு எதுவும் இல்லை. ஆகவே பின்கள், பின் துளைகள், ஹாமர் வயிறு, பிளாக்கின் அடி வளைவு ஆகிய இந்த நான்கு இடங்களின் தேய்மானம்தான் துப்பாக்கியின் உடல்நிலை. வெளிப்பளபளப்பு எதையும் சொல்லாது.

ஹாமர் இழுத்த நிலையில் பிளாக்கை மூடி நிறுத்துவது எது என்று பலர் கவனிப்பதில்லை. கீழே, விசைக் காப்புத் தகட்டில் ஒரு பூட்டு நெம்பு இருக்கிறது. ஸ்பிரிங்கின் உந்தலில் அது பிளாக்கின் அடியை அழுத்திப் பிடிக்கிறது. பிளாக் திறந்தால் அதே நெம்பு விசையைத் தடுக்கிறது. அந்த ஸ்பிரிங் சோர்ந்தால் பிளாக் மூடி நிற்காமல் தொளதொளக்கும்.

கழற்றுதல்

முதல் வேலை, துப்பாக்கி காலியா என்று உறுதி செய்வது. ஹாமரை இழுத்து, பிளாக்கை உருட்டி, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தோட்டா அறையைத் தடவிப் பார்க்க வேண்டும். நூறாண்டு பழைய துப்பாக்கியில் நூறாண்டு பழைய தோட்டா இருந்த கதைகள் உண்டு.

இடப்பக்கத்தில் இரு பின்களின் தலைகளுக்கும் நடுவே ஒரு சிறு தகடு இருக்கும், பட்டன் என்பார்கள். பின் தலைகளில் வெட்டிய காடிகளில் அதன் விளிம்பு உட்கார்ந்து, பின்கள் சுழலாமலும் வெளியேறாமலும் பிடிக்கிறது. அதைப் பிடிக்கும் ஸ்க்ரூவின் காடிதான் பெரும்பாலும் கிழிந்திருக்கும். காரணம், அந்தக் காலத்துக் காடிகள் ஒடுக்கமானவை, சுவர் இணையாக இருக்கும். இன்றைய கடைத் திருப்புளியின் நுனி ஆப்பு வடிவம், மேல்விளிம்பை மட்டும் கவ்வி மேலே ஏறிவிடும். இணைச்சுவர் நுனியை அந்தக் காடியின் அகலத்துக்கும் நீளத்துக்கும் பொருந்த அரத்தால் தேய்த்துக்கொள்ள வேண்டும், இடைவெளி உணரக் கூடாது. ஊடுருவும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வைத்து, ஸ்க்ரூ தலையில் மட்டும் சால்டரிங் அயர்னின் நுனியை ஒரு நிமிடம் வைத்து, ஆறியபின் மறுபடி எண்ணெய். திருப்புளியைக் காடியில் வைத்துப் பின்முனையில் சிறு சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிய பிறகு முறுக்கினால் பெரும்பாலும் அசையும். ரிசீவரைத் தீச்சுடரில் காட்டவே கூடாது. அதன் கடினத் தோல் மெல்லியது, வண்ணப் புள்ளிகளாகப் படர்ந்த பழைய நிறமும் அதிலேயே இருக்கிறது. சூடு இரண்டையும் கெடுக்கும்.

பட்டன் வந்ததும் ஹாமரை முழுதாக இழுத்து, முன்பின்னை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் தள்ள வேண்டும். பித்தளைப் பஞ்ச், பின்னின் விட்டத்தைவிடக் கொஞ்சமே சிறியது. பின்கள் இரண்டும் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பருமன், எனவே பென்சில் பருமனுள்ள பஞ்ச் முனையைக் குழித்துவிடும். பிளாக் மேல்நோக்கி வெளியே வரும், சுட்ட தோட்டாக்கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்டிராக்டரும் அதோடு வரும். சில துப்பாக்கிகளில் எக்ஸ்டிராக்டரைப் பிடிக்க ரிசீவரின் இடப்பக்கம் முன்னால் ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும். அதை முதலில் தளர்த்தாமல் இழுத்தால் எக்ஸ்டிராக்டர் வளையும்.

அடுத்து ஹாமர். இங்கேதான் பலர் குழம்பி நிற்கிறார்கள். பிளாக் போனதும் பூட்டு நெம்பு மேலெழும்பி விசையைப் பிடித்துக்கொள்வதால் ஹாமரை இறக்க முடியாது. நெம்பின் முன்முனையை மழுங்கிய குச்சியால் அழுத்திப் பிடித்து, ஹாமரின் விரல்பிடியைக் கட்டைவிரலால் இறுகப் பற்றி, விசையை இழுத்து மெல்ல இறக்க வேண்டும். விட்டுவிட்டால் ஹாமர் காலியான ரிசீவருக்குள் அடித்து ஏதாவது ஒரு வளைவின் விளிம்பைச் சிதைக்கும். முழுதும் முன்னால் வந்தபின் ஹாமர் பின்னைத் தள்ளினால் ஹாமர் மேலே எழும். ஹாமரை உந்தும் முதன்மை ஸ்பிரிங்கின் அழுத்தம் மிச்சம் இருந்தால் அதன் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்துவது நல்லது.

கட்டையைக் கழற்ற, மேல்நாக்கு ஸ்க்ரூவை எடுத்துக் கட்டையை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும், பக்கவாட்டில் ஆட்டக் கூடாது. விரிசல் அங்கேயே பெரிதாகும். காப்புத் தகட்டை இரண்டு ஸ்க்ரூக்கள் பிடிக்கின்றன. எல்லா ஸ்க்ரூவையும் ஓர் அட்டையில் துப்பாக்கியின் வரைபடம் போட்டு அதனதன் இடத்தில் குத்தி வைக்கலாம். ஒன்றுபோல் தெரியும் இரண்டு ஸ்க்ரூக்களின் நீளம் வேறாக இருக்கும்.

குழலை ரிசீவரிலிருந்து கழற்றும் ஆசை எழும். வேண்டாம். திருகு ஒன்றரை நூற்றாண்டாக இறுகியிருக்கிறது. தவறான பிடியில் முறுக்கினால் ரிசீவர் கோணும், எக்ஸ்டிராக்டர் காடி தன் இடத்தை விட்டு நகரும். சேகரிப்புத் துப்பாக்கியில் அதற்குத் தேவையே வருவதில்லை.

அளவெடுத்தல்

பின்களை மைக்ரோமீட்டரில் மூன்று இடங்களில் அளக்க வேண்டும்: ரிசீவர் சுவருக்குள் நின்ற இரு முனைகள், பிளாக் சுழன்ற நடுப்பகுதி. முனை தேயாத அளவு, நடு தேய்ந்த அளவு, வித்தியாசம்தான் பேசும். 0.002 அங்குலம் வரை கவலைப்பட ஒன்றுமில்லை. 0.005ஐத் தாண்டினால் புதிய பின் வேண்டும் என்பது நமது கணிப்பு. இந்தத் துப்பாக்கியின் பின்கள் முதல் வகை. கனமாகத் திரும்பியதற்குக் காரணம் தேய்மானம் அல்ல, பின்னைச் சுற்றிப் பிசினாக இறுகிய பழைய எண்ணெய். அதைக் கெரசினில் ஊறவைத்துத் துணியால் துடைத்தாலே போகும்.

பின்னைவிடப் பின் துளை முக்கியம். பின்னை மாற்றலாம், ரிசீவரை மாற்ற முடியாது. பின்னைத் துளையில் செருகி மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, பிறகு 90 பாகை திருப்பி மறுபடி அசைக்க வேண்டும். ஒரு திசையில் ஆட்டம் அதிகம் என்றால் துளை நீள்வட்டமாகியிருக்கிறது. அங்கே வேலையை நிறுத்திவிட்டு, துப்பாக்கியைச் சுடாத சேகரிப்புப் பொருளாக ஏற்றுக்கொள்வதே சரி. துளையின் விளிம்பைச் சுத்தியலால் அடித்து ஒடுக்கிச் சரிசெய்த ரிசீவர்கள் சந்தையில் வருகின்றன. பின் தலையைச் சுற்றி நசுங்கிய வளையம் தெரிந்தால் அதுதான். அந்தச் சரி பத்துத் தோட்டாவுக்குத் தாங்காது, ரிசீவரின் மதிப்பும் போய்விடும்.

பூட்டுத் தொடர்பைப் பார்க்க, ஹாமர் வயிற்றில் விளக்குப்புகையை மெல்லியதாகப் பிடித்து, தற்காலிகமாகக் கோத்து, ஹாமரைக் கையால் இறக்கி, மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும். பிளாக்கின் அடியில் கரி அகலம் முழுக்க ஒட்டியிருந்தால் நலம். ஒரே ஓரத்தில் மட்டும் என்றால் சுமை முழுவதும் அந்த ஓரத்தில் விழுகிறது. உடனே எண்ணெய்க்கல்லை எடுத்து உயர்ந்த பக்கத்தைத் தேய்க்கக் கூடாது. கடினத் தோல் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்தான், அதைத் தாண்டினால் கீழே மென்மையான உலோகம் வந்துவிடும், தேய்மானம் பல மடங்கு வேகமாகும். புது பின் போட்டாலே பல நேரம் தொடர்பு நேராகிவிடும்.

பிளாக் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் உள்ள இடைவெளி அடுத்தது. .45-70இன் விளிம்புத் தடிமன் 0.070 அங்குலத்துக்கு மிகாது. பிரைமர் (அடியில் அடிபட்டுத் தீப்பற்றும் சிறு மூடி) இல்லாத புதிய காலி கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூடு) அறையில் வைத்து, அதன் அடியில் மெல்லிய ஒட்டுநாடாவை அடுக்கடுக்காக ஒட்டி, பிளாக் எப்போது மூட மறுக்கிறது என்று பார்க்கலாம். நாடா ஒன்றின் தடிமனை முன்பே அளந்து வைத்திருந்தால் இடைவெளி கணக்காகிவிடும். இது பட்டறைக் கணிப்புதான். சுடப்போகிறவர்கள் இதற்கான அளவுமானியை வைத்திருக்கும் துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுத்து அளக்க வேண்டும். இடைவெளி மிகுந்தால் சுட்ட கேஸில் பிரைமர் அடியைவிட்டு வெளியே தள்ளியிருக்கும். அதுவே முதல் எச்சரிக்கை.

குழலில் பொறித்த எண்ணை நம்பி தோட்டா வாங்கக் கூடாது. பழைய குழல்கள் பலவற்றில் எண்ணே இராது. இருப்பதிலும் பின்னாளில் யாரோ அறையை வெட்டிப் பெரிதாக்கியிருக்கலாம். தோட்டா அறையின் வார்ப்பு எடுத்தால்தான் உண்மை தெரியும். செர்ரோசேஃப் என்ற உலோகக் கலவை 70 முதல் 88 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும், வெந்நீர்ப் பாத்திரத்திலேயே உருக்கலாம். அறைக்கு ஓர் அங்குலம் முன்னால் குழலில் துணியடைப்பு வைத்து, அறையைச் சுத்தமாக்கி, ஊற்றி, இறுகியதும் ஆறும்போது அது சுருங்கும் அரை மணிக்குள் முன்வாயிலிருந்து மரத்தண்டால் தள்ளி எடுத்துவிட வேண்டும். பிறகு அது மெல்ல விரியும். ஊற்றிய ஒரு மணி நேரத்தில் அறையின் அசல் அளவுக்குச் சரியாக வரும், அப்போதே வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாள் அளந்தால் அளவு பெரிதாகக் காட்டும்.

குழலின் உள்வரி (குண்டைச் சுழற்றும் சுருள் காடி) அளவுக்கு, எண்ணெய் தடவிய குழலில் மென்மையான சுத்த ஈயக் குண்டை வாயிலிருந்து பித்தளைத் தண்டால் தள்ளி எடுத்து அளப்பது வழக்கம். .45-70க்குப் பெயரளவு 0.458 அங்குலம். பழைய குழல்கள் இதைவிடப் பெரிதாக இருப்பது சாதாரணம். வரிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் எதிரெதிர் மேடு கிடைக்காது, சாதாரண வெர்னியர் பொய் சொல்லும். வி வடிவக் காடியுள்ள தாங்கியில் வைத்துத்தான் அளக்க வேண்டும். தள்ளும்போது கை உணர்வையும் கவனிக்க வேண்டும். வாயருகில் குண்டு தளர்வாகவும் உள்ளே போகப் போக இறுக்கமாகவும் இருந்தால் வாய் தேய்ந்திருக்கிறது. ரோலிங் பிளாக்கில் இது அடிக்கடி வரும் குறை. பிளாக்கைக் கழற்றாமல் பின்னாலிருந்து தண்டு நேராக நுழையாது என்பதால் தலைமுறை தலைமுறையாக முன்வாய் வழியே இரும்புத் தண்டால் தேய்த்திருக்கிறார்கள். வாயை வெட்டிச் சரிசெய்வது குழலைக் குட்டையாக்கும் வேலை, இங்கே அது செய்யப்படவில்லை.

ஃபயரிங் பின்

பிளாக்கின் குறுக்கே உள்ள சிறு ஸ்க்ரூ இதைப் பிடிக்கிறது. ஸ்க்ரூவை எடுத்தும் பின் வரவில்லை என்றால் எண்ணெயும் கருமருந்துக் கசடும் சேர்ந்து கட்டியிருக்கிறது. கெரசினும் காரின் தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெயும் சம அளவு கலந்து பிளாக்கை இரண்டு நாள் மூழ்க வைத்தால் இளகும்.

பின் முன்னால் சிக்கி நிற்பது சிறு குறையல்ல. ரோலிங் பிளாக் நேர்கோட்டில் மூடுவதில்லை, வில்போல் உருண்டு மூடுகிறது. நீட்டிய முனை மூடும்போது தோட்டாவின் அடியை உரசிக்கொண்டு மேலேறும், பிரைமரைக் கீறலாம். சுட்ட பிறகு முனை பிரைமர் குழியில் மாட்டியபடியே பிளாக்கை உருட்டினால் முனை உடையும் அல்லது பிளாக் திறக்க மறுக்கும். பின் தன் எடையிலேயே முன்னும் பின்னும் சரியும் அளவுக்குத் துளை சுத்தமாக இருக்க வேண்டும். பிளாக்கைக் கையில் சாய்த்தால் உள்ளே டக் என்று கேட்க வேண்டும்.

முனையின் வடிவம் அரைக்கோளமாக இருக்க வேண்டும். பழைய முனைகள் பெரும்பாலும் தட்டையாகவோ ஓரம் உடைந்தோ இருக்கும், தட்டை முனை பிரைமரைத் துளைத்துவிடும். ஹாமர் விழுந்த நிலையில் முகத்துக்கு வெளியே நீட்டம் 0.050 அங்குலத்தை ஒட்டி இருந்தால் நல்லது. குறைந்தால் வெடிக்காது, கூடினால் துளைக்கும். இந்தத் துப்பாக்கியில் மூலப்பின்னின் முனை தட்டையாகியிருந்ததால் அதைத் தொடாமல் பெயர் எழுதிய உறையில் வைத்துவிட்டு, புதிய பின்னைக் கடைந்து பொருத்துவதே முறை. மூலப்பின்னை அரத்தால் குட்டையாக்கினால் அது ஒரு பக்கமும் உதவாது.

எக்ஸ்டிராக்டரும் அறையும்

ரோலிங் பிளாக்கின் பலவீனம் ஒன்றே ஒன்று, கேஸை வெளியே இழுக்கும் வலிமை. ஷார்ப்ஸிலும் வின்செஸ்டர் சிங்கிள் ஷாட்டிலும் நீண்ட கீழ்நெம்பு கைக்கு வலு கொடுக்கும். இதில் கட்டைவிரல் மட்டும்தான். கருமருந்துக் கசடு படிந்த அறையில் கேஸ் கொஞ்சம் ஒட்டினாலும் பிளாக் உருளாது, எக்ஸ்டிராக்டரின் மெல்லிய உதடு மட்டும் வளையும் அல்லது கேஸின் விளிம்பைத் தாண்டி நழுவும். ஆகவே எக்ஸ்டிராக்டரைப் பழுது பார்ப்பதற்கு முன் அறையைப் பார்க்க வேண்டும். அறைச் சுவரில் துருக்குழி இருந்தால் சுட்ட கேஸின் பித்தளை குழிக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும். எத்தனை புது எக்ஸ்டிராக்டர் போட்டாலும் இழுக்காது.

கருமருந்தின் கசடு பொட்டாசியம் உப்புகளால் ஆனது, ஈரத்தை இழுக்கும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் மட்டும் பூசி மூடி வைத்தால் எண்ணெயின் அடியிலேயே துருப்பிடிக்கும். முதலில் வெந்நீர், ஒரு துளி சோப்பு, வெண்கலத் தூரிகை. துணி வெள்ளையாக வரும்வரை. குழலைச் சூடு நீங்குமுன் துடைத்து உலர்த்தி, பிறகுதான் எண்ணெய். பிளாக் கழன்றிருக்கும் இந்த நேரத்தில் தண்டைப் பின்னாலிருந்தே விடலாம், வாயைத் தொட வேண்டியதில்லை.

துருவும் கட்டையும்

வெளிப்புறத்துப் பழுப்பை விட்டுவிட வேண்டும். அது இரும்பைக் காக்கும் நிலையான படலம். புதிதாகப் பொடியாக உதிரும் சிவப்புத் துருவை மட்டும் எடுக்க வேண்டும். எண்ணெய் தடவி, செம்பு நாணயத்தின் விளிம்பால் சுரண்டினால் துரு போகும், இரும்பு கீறாது. பிடிவாதமான இடத்தில் 0000 ஸ்டீல் உல்லை எண்ணெயோடு. எமரித்தாள் கிட்டவே வரக் கூடாது. எட்டுப்பட்டைக் குழலின் கூர்விளிம்புகளும் எழுத்துகளும் அதற்கு முதல் பலி. குழலுக்குப் புதிதாக நீலப்பூச்சு ஏற்றுவது, ரிசீவருக்குப் புது வண்ணப் படிவம் போடுவது, தொலைநோக்கி மாட்டத் துளையிடுவது, மூன்றும் சேகரிப்பு மதிப்பை ஒரே நாளில் பாதியாக்கும்.

கழுத்து விரிசலின் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மரம் பல ஆண்டுகளில் உலர்ந்து சுருங்குகிறது, மேல்நாக்கு ஸ்க்ரூ தளர்கிறது, சுடும்போது ரிசீவர் பின்னால் நகர்ந்து நாக்கின் கடைமுனை ஆப்பாக மரத்தைப் பிளக்கிறது. விரிசலை மட்டும் ஒட்டினால் அடுத்த முறை பக்கத்தில் பிளக்கும். முதலில் மரத்தில் ஊறிய எண்ணெயை எடுக்க வேண்டும். சாக்பீஸ் தூளை அசிட்டோனில் குழைத்து விரிசல்மேல் அப்பி உலரவிட்டால் தூள் எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாகும். தூள் வெள்ளையாகவே உலரும்வரை மாற்றி மாற்றி அப்ப வேண்டும். இதைச் சுருக்கினால் பசை ஒட்டாது. அடுத்து விரிசலை ஒரு மெல்லிய ஆப்பால் மயிரிழை திறந்து, நீர்த்தன்மையுள்ள எபாக்ஸியை முடி உலர்த்தியின் வெதுவெதுப்பில் உள்ளே இறங்கவிட்டு, சைக்கிள் டியூப் நாடாவால் சுற்றி இறுக்கி ஒரு நாள் வைக்க வேண்டும். வழிந்ததை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட்டால் பழைய மெருகைச் சுரண்ட வேண்டியதில்லை. கடைசியாக, நாக்கின் கடைமுனைக்குப் பின்னால் மரத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். உதை ரிசீவரின் அகன்ற பின்முகத்தில் இறங்க வேண்டும், நாக்கின் முனையில் இறங்கக் கூடாது. வெளியே ஆளிவிதை எண்ணெய், விரல் நுனியில் தொட்டு, தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தால் போதும்.

கோத்தல்

காப்புத் தகடு, பிறகு ஹாமர். முதன்மை ஸ்பிரிங் ஸ்க்ரூ தளர்ந்தே இருக்கட்டும். ஹாமரை முன்னால் சாய்த்த நிலையில் இறக்கி, கட்டைவிரலால் கீழே அழுத்தி, பின்னைச் செருக வேண்டும். துளைகள் ஒரே கோட்டில் வராமல் பின்னை அடித்தால் ஹாமர் துளையின் விளிம்பு உடையும். முனை மழுக்கிய ஒரு போலிப் பின்னை வலப்பக்கமிருந்து முதலில் விட்டு வரிசைப்படுத்தி, அதைத் தள்ளிக்கொண்டே உண்மைப் பின்னை இடப்பக்கமிருந்து நுழைப்பது எளிது. ஸ்பிரிங் ஸ்க்ரூவை இறுக்கி, ஹாமரை இழுத்து, பிளாக்கையும் எக்ஸ்டிராக்டரையும் சேர்த்து இறக்கி முன்பின்னைப் போட வேண்டும். எக்ஸ்டிராக்டர் தன் காடியில் உட்காராமல் பிளாக் மூடினால் இறுக்கமாக நின்றுவிடும். பலம் கொடுக்காமல் மறுபடி எடுக்க வேண்டும். பின் தலைகளின் காடிகளைப் பட்டனுக்கு நேராகத் திருப்பி, பட்டனைப் போட்டு ஸ்க்ரூவை இறுக்கினால் முடிந்தது. சுழலும் பரப்புகளில் கடிகார எண்ணெய் அளவுக்கு ஒரு சொட்டு, ஹாமர் வயிற்றில் கிரீஸ் பூசவே வேண்டாம்.

பிறகு சோதனை: ஹாமர் கீழே இருக்கும்போது பிளாக் உருளக் கூடாது. பிளாக் பாதி திறந்தாலும் விசை அசையக் கூடாது. ஹாமர் இழுத்த நிலையில் துப்பாக்கியைக் கவிழ்த்தாலும் பிளாக் மூடியே இருக்க வேண்டும். பாதி இழுப்பில் பிடித்து நிறுத்தும் அரைநிலைக் காடியில் ஹாமர் நின்றால் விசையை எவ்வளவு அழுத்தினாலும் விழக் கூடாது. தோட்டாவை நிரப்பிய பிறகு இந்தத் துப்பாக்கி எப்போதும் முழு இழுப்பில்தான் இருக்கும் என்பதால் அந்தக் காடி முக்கியம். நியூயார்க் மாநிலப் படைக்காக 1872இல் செய்த வகையில் பிளாக்கை மூடியதும் ஹாமர் தானே அரைநிலைக்கு இறங்கும்.

சுட நினைப்பவர்களுக்கு: .45-70 தோட்டா 1873இல் வந்தபோது 70 கிரெய்ன் கருமருந்தும் 405 கிரெய்ன் ஈயக் குண்டும். இந்த ரிசீவர் அந்த அழுத்தத்துக்கு உரியது. நவீன நெம்பு ரைஃபிள்களுக்கும் ரூகர் நம்பர் 1க்கும் என்று விற்கும் வலுவான .45-70 தோட்டாக்கள் இதே அறையில் நுழையும், நுழைவது பாதுகாப்பு என்று பொருளல்ல. 1890களின் கடைசியிலிருந்து 7 மி.மீ. மவுசர் தோட்டாவுக்காகச் செய்த ரோலிங் பிளாக்குகள் வேறு எஃகு. அவற்றின் வலிமையை வைத்து நம்பர் 1ஐ அளக்கக் கூடாது. முதல் தோட்டாவுக்கு முன் துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் பின் துளைகளையும் இடைவெளியையும் சரிபார்த்திருக்க வேண்டும். முதல் சூடு தாங்கியில் கட்டி, கயிற்றால் இழுத்து. சுட்ட கேஸில் பிரைமர் அடியோடு சமமாக, தன் குழிக்குள் இருக்கிறதா, அடியில் பளபளப்பான வளையம் ஏதும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது.